ரோட்டுக்கு அளவெடுத்த இஞ்ச்டேப்

உங்கள் தெருப் பள்ளத்துக்கு மார்பளவு எவ்வளவு? தெரியாதா? அப்புறம் என்னங்க தெருவில் குடியிருக்கிறீர்கள்?

எங்கள் தெருப் பள்ளத்துக்கு மார்பு ஐம்பத்தெட்டு, நீளம் ஐம்பத்திரண்டு, ஆழம் முப்பத்தொன்று. எல்லாம் இஞ்ச் கணக்கு. எங்கள் தெருவில் யாரைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். எல்லாம் இஞ்ச்டேப் அண்ணன் உபயம்.

அடித்துச் சொல்கிறேன். மேலூரில் ஆரம்பித்துப் பரவை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், ரோட்டுக்கு அளவெடுத்த டெய்லர் இவர் ஒருத்தர்தான். கழுத்தில் மாலை மாதிரி எந்நேரமும் மஞ்சள் டேப் தொங்கும். குளிக்கும்போது கழற்றுவாரா என்பது தெருவில் இன்றுவரை தீராத விவாதம். அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. கடைக்குப் போர்டு இருந்தது, உண்மைதான். ஆனால் நாலரை அடிக் கடை பத்தவில்லை என்று முன்பக்கம் தகரம் இறக்கி நீட்டினார் பாருங்கள், அந்தத் தகரம் சரியாகப் போர்டில் பெயரின் மேல் உட்கார்ந்துவிட்டது. வெளியே தெரிந்தது "டெய்லர்ஸ்" மட்டும்தான். தகரத்துக்குக் கீழே கட்டிங் டேபிள். அதன்மேல் மலை மாதிரி துணி. அந்த மலையின் அடிவாரத்தில் எங்கோ என்னுடைய இன்டர்வியூ சட்டை.

அதை நான் கொடுத்தது காலேஜ் கடைசி வருஷம். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வெள்ளையில் நீலக்கோடு போட்ட முழுக்கைச் சட்டை. ஒரு வாரம் கழித்துப் போனேன்.

"அண்ணே, சட்ட?"

"முடிஞ்சிருச்சு மாப்ள. காஜாக்குப் போயிருக்கு."

காஜா என்றால் பட்டன் ஓட்டை. அதை மிஷினில் எடுத்துத் தருவதற்குத் தனியாக ஒரு கடை உண்டு, அங்கே போயிருக்கிறதாம். நல்லது. இன்டர்வியூவுக்கு முந்தின நாள் போனேன். காஜாக்குப் போயிருக்கு. இன்டர்வியூ முடிந்து, வேறு சட்டையில் போய் வேலையும் கிடைத்து, ஸ்வீட் கொடுக்கப் போனேன். மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டே சொன்னார்: "நல்லாருக்கு மாப்ள. சட்ட காஜாக்குப் போயிருக்கு."

இப்படிப்பட்ட ஆசாமி ரோடு விஷயத்தில் எப்படி இறங்கினார் என்றால், அதற்கு ரோஸ்லின் டீச்சர் பள்ளத்தில் இறங்க வேண்டியிருந்தது.

எங்கள் தெரு வண்டியூர்ப் பக்கம். தெருமுனையில் ஒரு கொடூரமான வளைவு. ஸ்கூல் ஷேர் ஆட்டோக்கள் பிள்ளைகளை அப்பளக் கட்டு மாதிரி அடுக்கிக்கொண்டு அந்த வளைவில்தான் திரும்பும். அங்கே பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள். குழாயும் போட்டார்கள். மூடத்தான் மறந்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம் நிற்கும். பல்பு கிடையாது. காக்கா உட்காருவதற்காக அரசாங்கம் நட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ரோஸ்லின் டீச்சர், தெருவில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து மீதிப் பேரை முட்டிபோட வைத்து ரிட்டயர் ஆனவர். ஒருநாள் சாயங்காலம் சர்ச்சுக்குப் போய்விட்டுத் திரும்பியவர், ஸ்கூட்டியோடு பள்ளத்துக்குள் போய்விட்டார். சத்தம் கேட்டு முதலில் ஓடியது இஞ்ச்டேப். உள்ளே இருந்து குரல் கணீரென்று வந்தது.

"மொதல்ல வண்டி ஸ்டாண்டப் போடுடா, பெட்ரோல் ஒழுகுது!"

"டீச்சர், கையக் குடுங்க டீச்சர்."

"அதுதான் ஒடஞ்சிருக்கு, இந்தக் கையப் பிடி. ஏன்டா, கட வாசல்ல கெணறு வெட்டிப் போட்டுட்டுப் போயிருக்காய்ங்க, நீ பட்டன் தச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. நாளைக்கு ஒரு ஆட்டோ பிள்ளைங்களோட விழுந்தா, அப்பவும் பட்டன்தான் தைப்பியா?"

அன்றைக்கு அவர் பட்டன் தைக்கவில்லை. (என்றைக்குமே தைத்ததில்லை என்பது வேறு விஷயம்.) டீச்சரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, நேரே பள்ளத்துக்கு வந்தார். கழுத்திலிருந்து டேப்பை உருவினார். அளக்க ஆரம்பித்தார்.

அதிலிருந்து எங்கள் தெருவில் புது ஏற்பாடு. சட்டை கேட்டு யார் கடைக்குப் போனாலும், டேப்பின் நுனி அவர்கள் கைக்கு வந்துவிடும். "சட்ட நாளைக்கு. இப்ப இந்த நுனியப் பிடிங்க." பேங்க் மேனேஜர் பிடித்தார். கல்யாண மாப்பிள்ளை ஒருவன் நலுங்கு மஞ்சளோடு பிடித்தான். தெருவில் இருந்த சின்னக் குழிகளையும் சேர்த்து நான் பிடித்தது மட்டும் பதினேழு பள்ளம். வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்லிப் போடுகிற மாதிரி, பள்ளத்துக்கும் ஒரு ஸ்லிப் போட்டார். அதே சீட்டுக் கட்டு, அதே பென்சில். அவருடைய ஸ்லிப்பில் தலைப்பு, விலாசம் எதுவும் இருக்காது. வெறும் நம்பர்தான். "எது யாருதுன்னு மனசுல இருக்கும் மாப்ள," என்பார்.

அளப்பதோடு விட்டாரா? சட்டை மடித்து வைக்கிற அட்டை இருக்கும் இல்லையா, அதன் பின்பக்கம் தினமும் காலையில் ஒரு அறிவிப்பு எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டார். தெரு வாட்ஸ்அப் குரூப்பை மூடிவிட்டு எல்லாரும் அந்த அட்டையைத்தான் படித்தோம். திங்கள்: "ஜல்லி வந்தது." செவ்வாய்: "ஜல்லி நம் தெருவுக்கு இல்லையாம். போய்விட்டது." புதன்: "அதிகாரி ஒருவர் பைக்கை நிறுத்தினார். பார்த்தார். போன் வந்தது. போனார்." வியாழன்: "பள்ளம் மழையில் ஒரு இஞ்ச் வளர்ந்துள்ளது. ஆரோக்கியமாக இருக்கிறது."

வெள்ளிக்கிழமை அட்டை வந்தபோதுதான் விஷயம் சூடானது. "பாதுகாப்பு நிதி வந்துள்ளது. விளக்கு, வேகத்தடை, ரோடு. இந்தத் தடவை வார்டில் ஒரே ஒரு வளைவுக்குத்தான். ஞாயிறு ஏரியா சபை. எல்லாரும் வரவும். சட்டை அங்கே கேட்க வேண்டாம்."

பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் ஒரு வளைவு உண்டு. அவர்களுடைய வளைவில் அப்படி ஒன்றும் பள்ளம் இல்லை, ஆனால் ஆள்பலம் இருந்தது. வேன் வைத்து வந்து உட்கார்ந்தார்கள். நாங்கள் கட்டுப்போட்ட கையோடு டீச்சரை முன்வரிசையில் உட்கார வைத்தோம். இதுவும் ஒரு டெக்னிக்தான்.

மேடையில் கவுன்சிலர் அக்கா. பக்கத்தில் அவர் வீட்டுக்காரர். தெருவே அவரைத் "தலைவரே" என்று கூப்பிட்டுப் பழக்கிவிட்டதில், யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பது அவருக்கே கொஞ்சம் குழம்பிப்போயிருந்தது. இந்தப் பக்கம் கார்ப்பரேஷன் என்ஜினியர் சார். பேப்பரைப் பார்த்து அப்டேட் வாசித்தார்.

"அந்த வளைவுல வேலை பெரும்பாலும் முடிஞ்ச மாதிரிதாங்க. ஃபினிஷிங் மட்டும் பாக்கி."

இஞ்ச்டேப் எழுந்தார். "சார், ஃபினிஷிங் பாக்கின்னா, இன்னும் துணியவே வெட்டலன்னு அர்த்தம்."

"அப்படியில்லங்க. ஃபைல் மேல போயிருக்கு."

"காஜாக்குப் போயிருக்குன்னு சொல்லுங்க."

"நடுவுல மழை வேற பேஞ்சிருச்சு..."

"கரண்டு இல்லன்னு நான் சொல்லுவேன், நீங்க மழைங்கிறீங்க. இருவத்தஞ்சு வருசமா இதே பொய்யத்தான் சார் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன். எங்கிட்டயேவா?"

கூட்டம் விசிலடித்தது. பக்கத்துத் தெருவே விசிலடித்தது. கவுன்சிலர் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏன் சார், நீங்க ரெண்டு பேரும் ஒரே கடையிலதான் தொழில் கத்துக்கிட்டீங்களா?"

என்ஜினியர் நல்ல மனுஷன், அவரும் சிரித்துவிட்டார். "மேடம், உண்மையச் சொல்றேன், அளவெடுக்க ஆள் இல்ல. நாலு நாளைக்குள்ள அளவு வந்தா இந்த நிதியில சேத்துருவேன்."

"நாலு நாள் எதுக்கு? அதான் இவரு தெருவையே அளந்து வச்சிருக்காரே. குடுங்கண்ணே."

இஞ்ச்டேப் சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்லிப்பை எடுத்து ராஜா மாதிரி நீட்டினார். கைதட்டல். டீச்சர் ஒரு கையால் தொடையில் தட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை இஞ்ச்டேப் அண்ணனைத் தோளில் தூக்காத குறை.

புதன்கிழமை ஒரு லோடு ஆட்டோ வந்தது. அதன் தரையை மட்டும் மூடுகிற அளவுக்கு ஜல்லி, ஓரமாக ஒரு சிமெண்ட் மூட்டை. இரண்டு பேர் இறங்கிக் கொட்டினார்கள். ஜல்லி உள்ளே போன சத்தம் கேட்டது. ஜல்லியைக் காணோம். கொட்டியவர் எட்டிப் பார்த்தார். ஸ்லிப்பைப் பார்த்தார். மறுபடி பள்ளத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே இது, நீளம் இருவத்தொம்பது, அகலம் நாப்பத்திரண்டு, ஆழம் பதினெட்டுன்னு குடுத்திருக்காங்க. இதுல ஒரு எருமையே நிக்கலாம் போல."

இஞ்ச்டேப்பின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இருபத்தொன்பது, நாற்பத்திரண்டு, பதினெட்டு. நீளம், மார்பு, தோள். அது பள்ளத்தின் அளவு இல்லை. கவுன்சிலர் அக்காவின் வீட்டுக்காரர், பூமி பூஜைக்கென்று தைக்கக் கொடுத்திருந்த வெள்ளைச் சட்டையின் அளவு.

"அண்ணே," என்றேன், "அப்ப பள்ளத்தோட ஸ்லிப்ப வச்சு..."

அவர் கடையின் ஆணியைக் கை காட்டினார். ஹேங்கரில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது. தொங்கியது என்றா சொன்னேன், கல்யாணப் பந்தல் மாதிரி விரிந்திருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், அவருடைய வாழ்நாளில் சொன்ன தேதிக்கு முன்பே முடித்த ஒரே சட்டை அதுதான். காஜாவெல்லாம் எடுத்து இஸ்திரியும் போட்டாகிவிட்டது.

"ஏண்ணே, மார்பு ஐம்பத்தெட்டுன்னு வெட்டும்போது சந்தேகமே வரலயா?"

"வந்துச்சு மாப்ள. பெறவு, பதவிக்கு வந்து ஒரு வருசமாச்சு, வளந்திருப்பாருன்னு நெனச்சேன்."

சிரித்து முடிப்பதற்குள் லோடு ஆட்டோக்காரர் போனில் பேசுவது காதில் விழுந்தது. "சார், எஸ்டிமேட்டுல உள்ளது பூராத்தையும் போட்டாச்சு. முடிச்சாச்சுன்னு எழுதிக்கங்க." அவ்வளவுதான். பேப்பரில் பள்ளம் மூடியாகிவிட்டது. மூடிய பள்ளத்துக்கு விளக்கும் வேகத்தடையும் எதற்கு? நிதி அப்படியே பக்கத்துத் தெருவுக்குப் போகும். இங்கே பிள்ளைகள் ஆட்டோ அதே இருட்டில் திரும்பும்.

"கெளம்பு மாப்ள."

"எங்கண்ணே?"

"சட்டைய டெலிவரி குடுக்க."

கவுன்சிலர் அக்கா வீட்டு ஹாலில் பத்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் இஞ்ச்டேப் அந்தச் சட்டையை உதறி விரித்தார். ஃபேன் காற்றில் அது எழும்பி இரண்டு பேர் முகத்தை மூடியது.

"என்னண்ணே இது, டென்ட்டா?" அக்கா கேட்டார்.

"இதுதான்க்கா எங்க பள்ளம். சைஸ் கொஞ்சமும் கூடல, கொறையல. தலைவரு சட்டைச் சீட்ட ஆபீசுல குடுத்துட்டேன், பள்ளத்துச் சீட்ட வச்சுத் தலைவருக்குத் தச்சுட்டேன். தப்பு எம்மேலதான். ஆனா அவய்ங்க வேல முடிஞ்சதுன்னு எழுதப் போறாய்ங்க. அத மட்டும் நிப்பாட்டுங்க."

வீட்டுக்காரர் சட்டையை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தார். கணுக்கால் வரைக்கும் வந்தது. "ஏம்ப்பா, என்னயப் பாத்தா இம்புட்டாவா தெரியுது?"

அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "சார், அந்த வளைவு ஃபைல மூடாதீங்க. நாளைக்குக் காலையில நானே வாரேன். உங்க இரும்பு டேப்பக் கொண்டாங்க. ஒரு மூலைய விடாம அளப்போம்."

மறுநாள் காலையில் தெருவே வாசலில் நின்றது. என்ஜினியர் இரும்பு டேப்போடு வந்தார். நுனியைப் பிடிக்க யார் என்று கேட்கவே தேவையில்லை. இஞ்ச்டேப் கல்யாண வீட்டு மாமன் மாதிரி முன்னால் நடந்தார். பள்ளம், வளைவு, கம்பம் எல்லாம் ஆயிற்று. கடைசியாக மழைநீர் வாய்க்காலுக்கு ஓரக்கோடு போட வேண்டும். சுவரிலிருந்து சுவருக்கு டேப் பிடித்துக்கொண்டே வந்தவர்கள், வளைவில் வந்து நின்றுவிட்டார்கள்.

எங்கள் யாருக்கும் முதலில் புரியவில்லை. டேப் நேராக வந்து, கட்டிங் டேபிளின் காலில் முட்டி நின்றது.

என்ஜினியர் சங்கடமாகச் சொன்னார். "பரவால்லண்ணே. கடைய விட்டு வாய்க்கால லேசா வளைச்சு விட்டுரலாம். ரோடு இந்த எடத்துல மட்டும் கொஞ்சம் குறுகும். வளைவு கொஞ்சம் டைட்டாதான் இருக்கும், பரவால்ல."

இத்தனை நாள் பள்ளம் பள்ளம் என்று கத்திய நாங்கள் எல்லாரும் சட்டென்று தகரத்தைப் பார்த்தோம். அதற்குக் கீழே அவருடைய பிழைப்பு மொத்தமும் மலையாகக் குவிந்திருந்தது. அந்த மேஜை போனால் துணி வெட்ட இடமில்லை. துணி வெட்டாமல் என்ன டெய்லர்?

இஞ்ச்டேப் குனிந்து டேப்பைப் படித்தார். ஒருமுறை படித்தவர், கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டு இன்னொருமுறை படித்தார். அந்த ஒரு நிமிஷம், மனுஷன் ஒரு அடி குறைத்துச் சொல்ல வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். சத்தியமாக.

"ரெண்டர அடி," என்றார் சத்தமாக. "கட ரெண்டர அடி வெளிய நிக்குது. எழுதிக்கங்க சார்."

"அண்ணே, நான்தான் வளைச்சுக்கலாம்னு..."

"ஒரு எடத்துல தையல் கோணுச்சுன்னா சட்ட முச்சூடும் இழுத்துக்கும் சார். பிள்ளைக ஆட்டோ திரும்புற எடம் இது. நேராவே விடுங்க." பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பி, "என்ன எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்தாப்ல பாக்குறீங்க? ஆல்ட்ரேஷன்தானே!" என்றார்.

ரோஸ்லின் டீச்சர் கட்டுப்போட்ட கையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"டேய், அந்த மேசைய எங்க வீட்டு கார் ஷெட்டுல போடு. ஸ்கூட்டி வெளிய நிக்கட்டும், அதுக்கென்ன இப்ப. ஆனா ஒண்ணு. ஆறு மாசத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு பேண்ட் குடுத்தேன்."

"நாளைக்குக் குடுத்துர்றேன் டீச்சர்."

"முட்டிபோட வச்சிருவேன்."

அடுத்த வாரமே தகரத்தைக் கழற்றினார்கள். போர்டு முழுசாக வெளியே வந்தது. இருபத்தைந்து வருஷத்துப் பெயர், வெயில் படாமல் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. தெருவே நின்று ஒருமுறை வாசித்தது. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் பிரயோஜனமில்லை, வாசித்து முடித்த கையோடு ஒருத்தர், "இஞ்ச்டேப்பண்ணே, சட்ட?" என்று கேட்டார்.

ரோடு போட்டார்கள். தார் சூடு ஆறுவதற்குள் இவர் குத்தூசியை இறக்கி ஆழம் பார்த்தார். வேகத்தடை ஒரு பக்கம் அரை இஞ்ச் உயரம் என்று கண்டுபிடித்து, "காலர் தூக்கிக்கிட்டு நிக்குது சார்" என்று மறுபடி போட வைத்தார். கம்பத்துக்குப் பல்பு வந்தது, காக்காதான் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. அன்றைய அட்டையில் ஒரே வரி: "வேலை முடிந்தது. ஃபினிஷிங்கும் சேர்த்து."

அந்த ஐம்பத்தெட்டு சைஸ் சட்டை? மழைக்காலத்தில் மிஷினை மூடி வைக்க அதுதான் சரியாக இருக்கிறது.

மிச்சமிருக்கிற நாலரை அடிக் கடையில் அவரும் மிஷினும் மட்டும்தான். மூன்றாவது ஆள் உள்ளே போனால் அவர் எழுந்து வெளியே வர வேண்டும். துணியை டீச்சர் வீட்டில் வெட்டி, இங்கே தூக்கிவந்து தைக்கிறார். அதனால் டெலிவரி இன்னும் தாமதம். எனக்கு இப்போது கை நிறையச் சம்பளம், பீரோ நிறைய ரெடிமேட் சட்டை. இருந்தாலும் நேற்று சாயங்காலம் இன்னொரு சட்டைத் துணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்னும் வெட்டவே இல்லை. அதற்குள் காஜாவுக்குப் போயிருக்கிறது.